பழைய பியட்டுக்கு 15 அங்குல வீல்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

பழைய பியட் வைத்திருப்பவர் டயர் மாற்றலாம் என்று கடைக்குப் போனால் அநேகமாகக் கேட்கும் பதில், “இந்த சைஸ் இப்ப வர்றதில்ல சார்” என்பதுதான். பழைய பியட் என்று நாம் சொல்லும் பிரீமியர் பத்மினியோடு வந்த டயர் அளவு 5.20-14. குறுக்கிழை போட்ட பழைய வகை, உள்ளே டியூப் இருக்கும். சொல்லி வைத்தால் எங்கிருந்தாவது வரவழைத்துத் தருவார்கள். ஆனால் நான்கும் ஒரே வருடத்துச் சரக்காக வரும் என்று நம்ப முடியாது. அதனால்தான் பலரும் ஓர் அங்குலம் ஏற்றி 15 அங்குல ரிம்முக்குப் போகிறார்கள். அந்த அளவில் ரேடியல் டயர் தாராளமாகக் கிடைக்கிறது, பார்வைக்கும் நன்றாக இருக்கிறது.

போகலாம், தவறில்லை. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக வேண்டியது ரிம் மட்டும்தான். ரிம்மும் டயரும் சேர்ந்த மொத்த உயரம் பழையபடியே இருக்க வேண்டும். ரிம் ஓர் அங்குலம் ஏறினால் ரப்பர் சுவர் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். கீழே வரும் வேலைகள் எல்லாமே இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருப்பதற்குத்தான்.

முதலில் கார், அப்புறம் வீல்

வீல் பார்க்கப் போவதற்கு முன் காரை ஜாக்கியில் தூக்கி, நான்கு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ, முன்பக்க மூட்டுகளோ தேய்ந்திருக்கின்றன என்று பொருள். மெல்லிய பழைய டயர் இந்தத் தேய்மானத்தை ஓரளவு மூடி மறைத்துவிடும். அகலமான ரேடியல் மறைக்காது, 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டியரிங்கை உதறிக் காட்டிவிடும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, இரு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும் கார்கள் நிறைய உண்டு. அதைச் சரிசெய்யாமல் புது வீல் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் உரசும், பழி வீல் மேல் விழும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையை விடாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், இல்லையென்றால் கனமான மரக்கட்டை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம்.

உயரக் கணக்கு

புது டயரின் பக்கச் சுவரில் 175/65 R15 என்று எழுதியிருக்கும். 175 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 175-ல் 65 சதவீதம் 113.75 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர்கள், ஆக 227.5. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் 15 அங்குல ரிம் 381 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 608.5 மி.மீ.

பழைய 5.20-14 டயரின் எண்ணில் சதவீதம் என்று எதுவும் இருக்காது. அந்தக் காலத்து டயர்களில் சுவர் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம், அகலம் 5.20 அங்குலம். அப்படிக் கணக்கிட்டால் மொத்தம் சுமார் 61 சென்டிமீட்டர் வருகிறது. 175/65 R15 இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. 185/60 R15 போட்டால் 603 மி.மீ., அதுவும் சரிதான். 195/50 R15 என்றால் 576 மி.மீ. அது வேண்டாம். கார் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும், ஸ்பீடாமீட்டர் 60 என்று காட்டும்போது உண்மையில் 57-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். எதிர்த்திசையில் 195/65 R15 போட்டால் 634.5 மி.மீ. அப்போது முள் 60-ல் நிற்க, நீங்கள் 62, 63-ல் போவீர்கள். அதைவிட முக்கியம், உயரமான சக்கரம் கியர் விகிதத்தையே நீட்டிவிடும். 1089 சிசி எஞ்சின் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும்.

மொத்த உயரம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. பியட்டுக்கு அது ஏறக்குறைய 18 மி.மீ.

காகிதக் கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு வேலை செய்யலாம். டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு போடுங்கள். டயரில் போட்ட கோடு மறுபடி தரையைத் தொடும் வரை காரை நேராகத் தள்ளி, அங்கே இன்னொரு கோடு. இரண்டு தரைக் கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். கார் எடையில் டயர் அமுங்கியிருப்பதால் கணக்கில் வந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். டயர் மொட்டையாக இருந்தால் இன்னும் குறையும். வீல் மாற்றிய பிறகு அதே இடத்தில் மறுபடி தள்ளி அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

16 அங்குலம் போடலாமா என்று கேட்பார்கள். 195/50 R16 எடுத்தால் மொத்த உயரம் 601 மி.மீ., கணக்கு இடிக்காது. ஆனால் ரப்பர் சுவர் 97 மி.மீ.தான் இருக்கும். பழைய டயரில் அது சுமார் 125, 15 அங்குலத்தில் 114. எங்கள் வேலூரில் காட்பாடி ரோட்டில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய ஒட்டு ஒவ்வொன்றும் முதுகில் தெரியும், குழியில் விழுந்தால் ரிம் வளையும். பத்மினியின் பட்டை ஸ்பிரிங் ஏற்கெனவே விறைப்பானது, அதன் மென்மையில் பாதியை உயரமான டயர்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. 15-ல் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி.

அம்பாசடர்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. உங்கள் காரில் வந்ததே 15 அங்குலம்தான், அளவு 5.90-15. நீங்கள் ரிம்மை ஏற்றவே தேவையில்லை, ரேடியலுக்கு மாறினால் போதும். பலர் எளிதில் கிடைக்கிறது என்று 195/65 R15 போட்டுவிடுகிறார்கள். அது 634 மி.மீ., பழையதோ ஏறக்குறைய 66 சென்டிமீட்டர், அதனால் வண்டி தாழ்ந்துவிடும். 205/65 R15 என்றால் 647 மி.மீ., வரம்புக்குள் வருகிறது. ஆனால் அந்த அகலத்துக்கு ரிம் குறைந்தது ஐந்தரை அங்குலம் அகலம் இருக்க வேண்டும். குறுகலான பழைய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் சுவர் உப்பிக்கொண்டு நிற்கும், வளைவில் கார் நெளியும்.

ஹப்பில் உட்காருமா

சக்கரத்தை நட் போட்டு மாட்டும் நடுப்பகுதிதான் ஹப். கடையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாட்டிப் பார்ப்பார்கள், நட் ஏறும், “போட்டுடலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்பார்கள். ஆகும்.

முதலில் நட் துளைகளின் வட்டம், பிசிடி. நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுதான் பிசிடி. ஐந்து துளை என்றால் எதிரே துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மைய தூரத்தை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். இத்தாலிய பியட் கார்கள் பலவற்றில் இது 98 மி.மீ. இன்று சந்தையில் குவிந்து கிடக்கும் சிறிய கார் அலாய்கள் (அலுமினியக் கலவை வீல்கள்) பலவும் 100 மி.மீ. வெறும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். இறுக்கினால் ஏறவும் ஏறும். ஆனால் நான்கு நட்டும் தன் இருக்கையில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், ஓட ஓடத் தளரும், கடைசியில் நட் ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் முறியும். சக்கரம் கழன்று ஓடும் கதைகள் பலவற்றுக்கும் மூலம் இதுதான். உங்கள் காரின் அளவை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். யாருடைய நினைவையும் நம்ப வேண்டாம், இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான்.

அடுத்தது நடுத் துளை. ஹப்பின் நடு மேட்டைவிட வீலின் துளை சிறிதாக இருந்தால் மாட்டவே முடியாது. பெரிதாக இருந்தால் நட் மட்டுமே வீலை மையத்தில் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது அதிர்வு வரலாம். இடைவெளியை அடைக்க ஹப் வளையம் போட வேண்டும். லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள், அரை மணி நேர வேலை. முன் ஹப்பின் கிரீஸ் மூடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அலாயின் நடு மூடி அதில் இடிக்கும்.

மூன்றாவது நட் அல்லது போல்ட். அலாயின் நட் இருக்கை கூம்பாக இருக்கலாம், குழிந்த பந்து வடிவில் இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். அதற்கேற்ற நட்தான் போட வேண்டும். பழைய இரும்பு ரிம் மெல்லியது, அலாய் தடிமனானது. அதனால் பழைய ஸ்டட்டின் மரை போதாமல் போகும். ஸ்டட்டின் குறுக்களவு எவ்வளவோ குறைந்தது அவ்வளவு ஆழத்துக்காவது மரை ஏறியிருக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்டட் என்றால் 12 மி.மீ. ஏறாவிட்டால் நீளமான ஸ்டட் மாற்றிய பிறகுதான் வீல்.

பிசிடி பொருந்தாவிட்டால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஹப்பிலும் டிரம்மிலும் புதிதாகத் துளை போடுவது. இன்னொன்று, அளவை மாற்றும் அடாப்டரை இடையில் வைப்பது. முதலாவது நல்ல லேத்காரர் கையில் பத்திரமானதுதான், ஆனால் திரும்பிப் போக முடியாத வழி. அடாப்டர் வீலை வெளியே தள்ளும், பேரிங்குக்குப் பளு கூட்டும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். உங்கள் பழைய ரிம்மின் நடுத்தட்டு அளவிலேயே துளை போட்ட 15 அங்குல இரும்பு ரிம்மைத் தேடுவது, அல்லது செய்யச் சொல்வது. கறுப்போ வெள்ளியோ அடித்து, பழைய குரோம் மூடியை மேலே மாட்டினால் அலாயைவிடப் பியட்டுக்கு அழகு. ஐந்து கம்பி அலாய்க்குள்ளே துரு ஏறிய டிரம் எட்டிப் பார்ப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி இல்லை. ஒன்று கவனம், வெல்டிங் செய்த ரிம்மை பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, ஓரம் நெளியாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே டயர் ஏற்றுங்கள்.

பழைய ரிம்கள் தேடுகிறவர்கள் காயலாங்கடைகளில் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். அங்கே எது வாங்கினாலும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெடிப்பை வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்த அலாய் வெளியே புதிது போலவே இருக்கும்.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

ரிம் அகலமானால் அந்த அகலம் உள்ளும் புறமும் பகிர்ந்துகொள்ளப்படும். எப்படிப் பகிரும் என்பதைச் சொல்வது ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பது அது. அலாயில் ஈ.டி. என்று குறித்து எண் போட்டிருக்கும்.

ஓர் உதாரணம். பழைய ரிம் 4 அங்குல அகலம், புதியது ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. ஆஃப்செட் ஒன்றாகவே இருந்தால் உள்ளே 19, வெளியே 19. புது வீலின் ஆஃப்செட் 10 குறைவாக இருந்தால் உள்ளே 9, வெளியே 29. இப்போது காருக்கு அடியில் குனிந்து, பழைய டயருக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையே விரல் எவ்வளவு நுழைகிறது, டயர் வெளிச்சுவருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையே எவ்வளவு என்று அளந்து பார்த்தால், எந்த ஆஃப்செட் வேண்டும் என்பது தானாகத் தெரியும். இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வையுங்கள். டயரும் பழையதைவிடச் சற்று அகலம் என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

வெளியே தள்ளி நின்றால் கம்பீரமாக இருக்கும் என்று சிலர் வேண்டுமென்றே ஆஃப்செட் குறைந்த வீல் தேடுகிறார்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில், சண்டே பஜார் சந்துகளுக்குள் திருப்பி நிறுத்தும்போது அந்தக் கம்பீரத்துக்குத் தோள்பட்டை விலை கொடுக்கும். மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் கேள்வி வரும்.

டயர் வாங்கும்போது

நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் வாங்குங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறு பக்கம் பழைய குறுக்கிழை டயர் என்று கலப்பது ஆபத்து. இப்போதைக்கு இரண்டுதான் வாங்க முடியும் என்றால் ரேடியல் இரண்டும் பின்னால் போக வேண்டும்.

பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. நம் ஊர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம், ரப்பர் நின்ற இடத்திலேயே முதிரும். வாரக்கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு டயர் தேய்வதற்கு முன் வெடிப்பு விட்டுவிடும். அதனால் இரண்டு வருடம் கிடப்பில் இருந்த டயரை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அரக்கோணம் பக்கம் இச்சிபுத்தூரிலேயே எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கும் மாவட்டங்களில் நாம் பழைய சரக்குக்குப் பணம் கொடுப்பது நியாயமும் இல்லை.

டயர் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண் 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். சுமார் 900 கிலோ பத்மினிக்கு, ஐந்து பேரும் மூட்டையும் ஏறினாலும் அது போதும்.

பழைய இரும்பு ரிம்களில் டியூப் இல்லாத டயரைப் பிடித்து நிறுத்தும் உள்வரப்பு பெரும்பாலும் இருக்காது. ரிவெட் அடித்த ரிம் என்றால் காற்றும் கசியும். அதில் ரேடியல் போடுவதானால் ரேடியலுக்கான டியூபோடுதான் போட வேண்டும். புது ரிம்முக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

மாட்டும் நாள்

நான்கையும் மாட்டச் சொல்வதற்கு முன், டயர் ஏற்றிய ஒரே ஒரு வீலை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஹப் முகத்தில் உள்ள துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், துரு மேல் உட்கார்ந்த வீல் நேராக ஓடாது. முன்னால் மாட்டியதும் காரை இறக்கி, ஸ்டியரிங்கை இடது பக்கமும் வலது பக்கமும் முழுதாக ஒடித்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பின்னால் மாட்டியதும் மூன்று பேரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, அந்தப் புது வீலை மட்டும் ஒரு பலகை மேல் ஏற்றுங்கள். அப்போது புது வீல் இருக்கும் மூலை அமுங்கும், உரசுகிற இடம் இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

மட்கார்டு உள்விளிம்பு மட்டும் லேசாக உரசினால் மடித்துவிடலாம். பழைய பெயின்ட் வெடிக்காமல் இருக்கச் சூடு காட்டி மெதுவாக மடிக்க வேண்டும், டிங்கர் வேலை தெரிந்தவர் செய்யட்டும். பட்டை ஸ்பிரிங்கிலோ ஸ்டியரிங் மூட்டுகளிலோ உரசினால் எதையும் மடிக்கவோ அறுக்கவோ முடியாது. அந்த வீல் உங்கள் காருக்கு இல்லை, அவ்வளவுதான்.

நட் இறுக்கும்போது ஏர் கன்னை முதலிலேயே விடாதீர்கள். கையால் மரை பிடிக்க வைத்து, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, காரை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு முடிக்க வேண்டும். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றே. அலைன்மென்ட் கணினியில் பத்மினியின் பெயர் இல்லாமல் போகலாம், அதற்காக வேறு காரின் எண்ணைப் போட விடாதீர்கள். குறுக்கிழை டயருக்காக எழுதிய பழைய டோ-இன் அளவு (முன்சக்கரங்களின் முன்முனை எவ்வளவு உள்நோக்கி நிற்கிறது என்பது) ரேடியலுக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும், குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய வண்டி பார்த்த மெக்கானிக் ஒருவர் கூட இருந்தால் இந்த இடத்தில் உதவும்.

காற்று 28-லிருந்து 30 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம். பழைய டயருக்கு வைத்ததைவிட இது அதிகமாகத் தெரியும், சரிதான். காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ ஏறும். மதியம் ஓட்டிக்கொண்டு வந்து அளந்து, கூடிவிட்டதே என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும்.

ஸ்டெப்னி பற்றி யாரும் யோசிப்பதில்லை. மொத்த உயரம் ஒன்றாக இருந்தால் பழைய 14 அங்குல வீலையே அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்ச் சேர அது போதும். ஆனால் அலாய்க்கு வாங்கிய நட் அந்த இரும்பு ரிம்மில் உட்காராது. பழைய நட் நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள். இரவு பள்ளிகொண்டா தாண்டி நிற்கும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

முதல் நூறு கிலோமீட்டர்

புது வீலின் நட்கள் ஓடி உட்கார்ந்த பிறகு கொஞ்சம் தளரும். 80, 100 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்க வேண்டும். வேலூரிலிருந்து ஆம்பூர் போய், பிரியாணி சாப்பிட்டுத் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம் ஆகிவிடும். வண்டி ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச் பிடியுங்கள். போகும்போது போனில் ஜிபிஎஸ் வேகத்தையும் முள்ளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரும்பியதும் டயர் சுவரிலும் மட்கார்டு உள்ளேயும் பளபளப்பாகத் தேய்ந்த கோடு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிரேக் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ரேடியலின் பிடி அதிகம் என்பதால் கார் நன்றாக நிற்பது போலத் தோன்றும், ஆனால் உள்ளே இருப்பது அதே நான்கு டிரம்தான். மலை இறக்கத்தில் சூடானால் பழையபடியே பிடி விடும். அலாய் மாட்டியவர்கள் ஏலகிரியில் கியரில் இறங்காமல் பிரேக்கில் இறங்குவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

கடைசியாகக் காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஹப்பைத் துளைப்பது, மட்கார்டை அறுப்பது போன்ற வேலைகளுக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வீல், டயர் அளவுகளைக் குறிப்பிட்டு, பில் நகலோடு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கி வையுங்கள். பழைய ரிம் நான்கையும் எடைக்குப் போட்டுவிடாமல், துரு தட்டி, கிரீஸ் தடவிப் பரணில் ஏற்றுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்கிற முதல் கேள்வி, “ஒரிஜினல் வீல் இருக்கா?” என்பதாகத்தான் இருக்கும்.